வெறுங்காலா, வெறுங்கதையா? 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாமல் போனது ஏன்

இந்தியா ஒருமுறை கால்பந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முதலில் சிரிப்பார். அப்புறம் எங்கோ கேட்டது நினைவுக்கு வந்து, "ஆமாம், பூட்ஸ் போட்டால்தான் ஆடலாம்னு சொன்னதால போகலையாமே!" என்பார். எனக்கு இந்தக் கதையை முதலில் சொன்னவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். அவருக்கு யார் சொன்னார்களோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது: ஏழை நாடு, வெறுங்கால் வீரர்கள், குறுக்கே நிற்கும் வெள்ளைக்காரச் சட்டம். மூன்றையும் சேர்த்தால் கதை தானாகவே ஓடும்.

நடந்ததைத் தேதி வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்தக் கதை தள்ளாடுகிறது. இந்திய அணியின் வரலாற்றில் அதிகம் பேசப்பட்டதும் குறைவாக ஆராயப்பட்டதும் இந்த ஒரு முடிவுதான் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

எப்படித் தகுதி பெற்றோம்

இதில் பெருமைப்பட அதிகம் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு நடந்த முதல் உலகக் கோப்பை, பிரேசிலில், 1950 ஜூன் 24 முதல் ஜூலை 16 வரை. ஆசியாவுக்கு ஒதுக்கிய தகுதிச் சுற்றுப் பிரிவில் இந்தியாவுடன் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் இருந்தன. மூன்றும் ஒதுங்கிக்கொண்டன. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் இந்தியா உள்ளே போனது.

மே 22 அன்று ரியோவில் குலுக்கல் நடந்தது. இந்தியா மூன்றாவது பிரிவில் விழுந்தது. உடன் இருந்தவை இத்தாலி, சுவீடன், பராகுவே. 1934, 1938 இரண்டு கோப்பைகளையும் வென்ற நாடு இத்தாலி. சுவீடன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணி. லேசான பிரிவு இல்லை. குலுக்கல் முடிந்து, போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, அகில இந்திய கால்பந்துச் சம்மேளனம் 'வரவில்லை' என்று சொல்லிவிட்டது. பயிற்சிக்கு நேரம் போதவில்லை, அணித் தேர்வில் சிக்கல், பயணச் செலவு என்பவை அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். பூட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

வெறுங்கால் கதை எங்கிருந்து வந்தது

கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. இல்லாவிட்டால் இத்தனை காலம் நின்றிருக்காது.

1948 ஜூலை 31. லண்டனுக்கு அருகே இல்ஃபர்டில், சுதந்திர இந்தியாவின் அணி ஒலிம்பிக்கில் முதல்முறையாக ஆடுகிறது. எதிரே பிரான்ஸ். கேப்டன் தாலிமேரன் ஆவோ, நாகா மலைப் பகுதியிலிருந்து வந்தவர், மருத்துவம் படித்தவர். ஆடியவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை, சிலர் போட்டிருந்தார்கள். முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. 70-வது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. இந்தியா அன்று இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டது. அதில் ஒன்றை அடித்தவர் சைலேன் மன்னா. அவரை இந்தக் கட்டுரையில் மறுபடியும் சந்திக்கப்போகிறோம்.

ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம். ஆனால் லண்டனில் எல்லோரும் பேசியது கோலைப் பற்றி அல்ல, காலைப் பற்றி. "நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்" என்று கேப்டன் ஆவோ சொன்னதாக ஒரு வாசகம் இன்றும் சுற்றுகிறது. மன்னாவின் கால் என்ன இரும்பா என்று அரச குடும்பத்தார் கேட்டார்கள் என்று இன்னொரு கதை. ஒரு வடிவத்தில் கேட்டவர் மன்னர், இன்னொரு வடிவத்தில் இளவரசி. கேட்டவர் யார் என்பதே மாறிக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு நம்புவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெறுங்கால் ஆட்டம் இந்தியர்களுக்கு வறுமையின் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவின் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. (இந்தியக் கால்பந்துச் சங்கம்) கேடயத்தை வாங்கியபோது, பதினொருவரில் பத்து பேர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். பூட்ஸ் போட்ட ராணுவத்தை வெறுங்கால் வென்றது. சுதேசிக் காலத்து வங்காளத்தில் அந்தக் காட்சி எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும்! அதன் பிறகு பூட்ஸ் வெறும் தோல் செருப்பாக இருக்க முடியாது. பந்தை விரலால் உணர்ந்து ஆடும் நளினம் ஒரு பெருமையாகவே வளர்ந்தது. பெருமையோடு ஒரு தொல்லையும் வளர்ந்தது. மழை பெய்து தரை சேறானால் வெறுங்காலுக்குப் பிடிமானம் கிடையாது. கல்கத்தாவில் கால்பந்துப் பருவமோ மழைக்காலம்.

ஆகவே 1948-ல் வெறுங்கால் உண்மை, 1950-ல் போகாததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் 'அதனால்' என்ற ஒரு சொல்லைச் செருகியதுதான் கதை.

அந்த 'அதனால்' ஏன் நிற்கவில்லை

1952-க்குப் போவோம். ஹெல்சின்கி ஒலிம்பிக், ஜூலை 15. யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் அகமது கான். அந்தக் குளிரிலும் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது அந்த அடிக்குப் பிறகுதான்.

இப்போது யோசியுங்கள். ஒலிம்பிக் கால்பந்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகளின்படி நடப்பதுதான். வெறுங்காலுக்காக 1950-ல் ஒரு நாட்டையே வெளியே நிறுத்தியிருந்தால், 1952-ல் அதே நாட்டு வீரர்கள் எப்படி வெறுங்காலோடு மைதானத்தில் இறங்கினார்கள்? இன்னொன்று: 1948-லேயே அணியில் சிலர் பூட்ஸ் போட்டு ஆடியவர்கள். போட்டே ஆகவேண்டும் என்று வந்திருந்தால் முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் போட்டிருப்பார்கள். ஒரு ஜோடி பூட்ஸ் கிடைக்காததால் ஒரு நாடு உலகக் கோப்பையை விட்டது என்பதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மன்னாவும் இதைத்தான் சொன்னார். 1950-ல் அணி போயிருந்தால் கேப்டனாகப் போயிருக்கக்கூடியவர் அவர். பிற்காலப் பேட்டிகளில் அவர் சொன்னதன் சாரம்: உலகக் கோப்பை என்றால் என்ன என்றே எங்களுக்குச் சரியாகத் தெரியாது, எங்களுக்கு ஒலிம்பிக்தான் எல்லாமும். தெரிந்திருந்தால் நாங்களே முயற்சி எடுத்திருப்போம் என்றும் சொல்லியிருக்கிறார். வெறுங்கால் கதையை அவர் ஏற்கவில்லை.

சரி, அப்படியானால் எது

பணம் என்பார்கள். 1949 செப்டம்பரில் பவுண்டைத் தொடர்ந்து இந்திய ரூபாயின் மதிப்பும் டாலருக்கு எதிராக 30 சதவீதம் அளவுக்குக் குறைக்கப்பட்டது. பிரிவினையின் காயம் ஆறாத, குடியரசாகி நான்கே மாதமான நாடு. அந்நியச் செலாவணி அருமையான பொருள். பம்பாயிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ ஒரு குழுவைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்புவது விளையாட்டான செலவு இல்லை. ஆனால் செலவில் பெரும்பகுதியை ஏற்கப் போட்டி அமைப்பாளர்கள் முன்வந்திருந்தார்கள். இரண்டே வருடம் கழித்து ஹெல்சின்கி போகவும் பணம் புரண்டது. நம் வீட்டுக் கணக்கிலும் அப்படித்தானே: முக்கியம் என்று நினைத்ததற்குக் கடன் வாங்கியாவது பணம் வரும், முக்கியமில்லாததற்கு 'கையில் இல்லை' என்போம். பணம் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் இல்லை.

அமெச்சூர் (சம்பளம் வாங்காமல் ஆடுபவர்) என்ற தகுதி போய்விடும், அப்புறம் ஒலிம்பிக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்தார்கள் என்று ஒரு விளக்கம். புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் இந்தியா விழுந்த அதே பிரிவில் இருந்த சுவீடனைப் பாருங்கள். 1948-ல் ஒலிம்பிக் தங்கம். இத்தாலியக் கிளப்புகளுக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடியவர்களைச் சேர்க்காமல், உள்நாட்டு ஆட்களோடு 1950 உலகக் கோப்பைக்குப் போனார்கள், மூன்றாவது இடம் பிடித்தார்கள். 1952 ஒலிம்பிக்குக்கும் போனார்கள், வெண்கலம். யூகோஸ்லாவியாவும் அப்படியே: 1948-ல் வெள்ளி, 1950 உலகக் கோப்பை, 1952-ல் மறுபடியும் வெள்ளி. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அந்தப் பயம் இருந்திருந்தால் விசாரித்துப் பார்க்காத பயம்.

நேரமும் அணித் தேர்வும் மிச்சம். என் பார்வையில் சம்மேளனம் சொன்ன காரணங்களிலேயே அதிக உண்மை உள்ளது இங்கேதான். இந்தியக் கால்பந்து அன்று மாகாணச் சங்கங்களின் கூட்டணி. வங்காளத்தின் ஐ.எஃப்.ஏ.வுக்கும் மற்ற மாகாணங்களுக்கும் யார் பெரியவர் என்ற இழுபறி நீண்ட நாள் நடந்து, அதன் சமரசமாகத்தான் 1937-ல் அகில இந்திய அமைப்பே பிறந்தது. அப்படிப்பட்ட வீட்டில் அணித் தேர்வு என்றால் பங்கு பிரிப்பது மாதிரி. அதோடு நாட்காட்டியையும் பாருங்கள். உலகக் கோப்பை நடந்த ஜூன், ஜூலை மாதங்கள் கல்கத்தா லீக்கின் உச்சக்கட்டம். நல்ல ஆட்டக்காரர்களில் பெரும்பகுதி அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். கப்பல் பயணம், பயிற்சி, போட்டி, திரும்பும் பயணம் எல்லாம் சேர்த்தால் ஒரு பருவமே போய்விடும். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் மோதலைப் பார்க்க ஊரே திரண்டு வரும் காலத்தில், பெயர் தெரியாத ஒரு போட்டிக்காக ஆளை அனுப்பு என்றால் எந்தக் கிளப் மகிழ்ச்சியோடு அனுப்பும்? இது என் ஊகம்தான். ஆனால் பூட்ஸை விட வலுவான ஊகம்.

'பெயர் தெரியாத போட்டி' என்பது மிகைப்படுத்தல் இல்லை. அதற்கு முன் நடந்தவை மூன்றே மூன்று. நமக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்த இங்கிலாந்தே அதுவரை உலகக் கோப்பையை எட்டிப் பார்த்ததில்லை, 1950-ல்தான் முதல்முறை போனது. போய் அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றது வேறு கதை. குருவே பொருட்படுத்தாததைச் சீடன் பெரிதாக நினைக்காததில் வியப்பென்ன.

நாம் மட்டும்தானா ஒதுங்கினோம்

வெறுங்கால் கதை மறைக்கும் முக்கியமான விஷயம் இது. ஸ்காட்லாந்துக்கு இடம் காத்திருந்தது. பிரிட்டிஷ் சாம்பியனாக மட்டுமே போவோம் என்று முன்பே வீம்பாக அறிவித்திருந்தார்கள், இங்கிலாந்திடம் தோற்றதும் சொன்ன சொல்லுக்காக வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். துருக்கி தகுதி பெற்றும் போகவில்லை. போர்ச்சுகல்லை அழைத்தார்கள், மறுத்தது. பிரான்ஸ் அழைப்பை ஏற்று, ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. தெற்கே போர்ட்டோ அலெக்ரியில் ஒரு ஆட்டம், வடகிழக்கே ரெசிஃபியில் அடுத்தது, இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். 16 நாடுகள் ஆடியிருக்க வேண்டிய போட்டியில் கடைசியில் 13 நாடுகள். ஒரு பிரிவில் உருகுவேயும் பொலிவியாவும் மட்டுமே மிஞ்சின. உருகுவே 8-0 என்று ஜெயித்து நேராக இறுதிச் சுற்றுக்குப் போனது, அப்புறம் ரியோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசிலை அழவைத்துக் கோப்பையையும் தூக்கியது.

பிரெஞ்சுக்காரர்கள் யாரும் தங்கள் விலகலைப் பற்றி உருக்கமான கதை சொல்லித் திரிவதாகத் தெரியவில்லை. அவர்களுக்குப் பின்னால் வேறு உலகக் கோப்பைகள் வந்தன. நமக்கு வரவில்லை, அதனால் அந்த ஒரு வாய்ப்பின் மேல் கதை ஏறிக்கொண்டது.

போயிருந்தால்

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. அடி வாங்கியிருப்போம் என்றுதான் தோன்றுகிறது. ஆசியாவிலிருந்து உலகக் கோப்பைக்கு முதலில் போனது 1938-ல் டச்சு கிழக்கிந்தியா, அதாவது இன்றைய இந்தோனேசியா. ஹங்கேரியிடம் 6-0. 1954-ல் தென்கொரியா போனது. ஹங்கேரியிடம் 9-0, துருக்கியிடம் 7-0. நம் அணி 1952-ல் வாங்கிய பத்து கோலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம், மூன்றாவது பிரிவின் இத்தாலி பழைய இத்தாலி இல்லை. 1949 மே மாதம் சூப்பர்காவில் நடந்த விமான விபத்தில், தேசிய அணிக்கு ஆட்கள் தந்த டொரினோ கிளப் அணியே அழிந்திருந்தது. அந்தப் பயத்தில் இத்தாலியர்கள் பிரேசிலுக்குக் கப்பலில் போனார்கள், சுவீடனிடம் 3-2 என்று தோற்று வெளியேறினார்கள். பராகுவேயோடு ஒரு கௌரவமான ஆட்டம் ஆடியிருக்கலாம். அதற்கு மேல் கனவு காண்பது நம் இஷ்டம்.

ஆனால் தோல்வியிலும் ஒரு கூலி உண்டு. இந்தியாவில் உள்நாட்டுப் போட்டிகள் அன்று 70 நிமிடம்தான். 90 நிமிடம் ஓடும் மூச்சு, பூட்ஸ், குளிர் மண் எல்லாவற்றையும் பற்றி ஹெல்சின்கி கற்பித்ததை பிரேசில் இரண்டு வருடம் முன்பே கற்பித்திருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 1950-ல் போகாததால்தான் இந்தியக் கால்பந்து செத்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. வரிசை அதற்கு நேர்மாறாக இருக்கிறது. நல்ல காலம் தொடங்கியதே அதற்கு அப்புறம்தான். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை வளர்த்த சையது அப்துல் ரஹீம் பயிற்சியாளராக வந்தார். 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஈரானுக்கு எதிராக மேவாலால் போட்ட ஒற்றைக் கோலில் தங்கம். கேப்டன் மன்னா. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றார்கள். நெவில் டிசோசா ஹாட்ரிக் போட்டார், ஒலிம்பிக்கில் அப்படிப் போட்ட முதல் ஆசியர். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலும் அவருடையதே. அப்புறம் 4-1 என்று தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, நான்காவது இடம். 1960 ரோமில் பிரான்சோடு 1-1 என்று சமன்.

உச்சம் 1962 ஜகார்த்தா. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை இந்திய நிர்வாகி ஒருவர் எதிர்த்துப் பேசியதால் ஊரே நம்மேல் கோபமாக இருந்தது. தூதரகம் தாக்கப்பட்டது, மைதானத்தில் கூச்சல். செப்டம்பர் 4 அன்று தென்கொரியாவுடன் இறுதி ஆட்டம். அதே அணியிடம் முதல் சுற்றில் 2-0 என்று தோற்றிருந்தோம். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு அதற்கு முன் ஒரு ஆட்டத்தில் தலை பிளந்து தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை முன்களத்துக்கு அனுப்பினார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1, தங்கம். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். 1963 ஜூனில் இறந்துபோனார்.

1964-ல் ஆசியக் கோப்பையில் இரண்டாவது இடம், 1970-ல் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதோடு சரி. மற்ற நாடுகள் 90 நிமிட ஆட்டத்துக்கும் முறையான பயிற்சிக்கும் மாறிக்கொண்டிருந்தபோது நாம் கல்கத்தாக் கூட்டத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1954-ல் பதினாறு கோல் வாங்கிய தென்கொரியா 2002-ல் அரையிறுதி ஆடியது. இந்தியாவை வீழ்த்தியது ஒரு மே மாதத்து முடிவு இல்லை. அந்த முடிவை எடுத்த அதே அசட்டை, இன்னும் பல வருடம் எந்தக் கேள்வியும் இல்லாமல் தொடர்ந்தது. பூட்ஸ் கதை அந்த அசட்டையின் மேல் ஒரு பட்டுத் துணியைப் போர்த்துகிறது. ஃபிஃபாவின் சட்டம் தடுத்தது என்றால் நம்மிடம் யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை அல்லவா?

இந்தியா ஒரு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதன்முதலாக மைதானத்தில் இறங்கி ஆடியது 1985-ல், மெக்சிகோ போட்டிக்காக. பிரிவில் தாய்லாந்து, வங்கதேசம், அப்புறம் இந்தோனேசியா. 35 வருடம் முன்பு ஆடாமல் ஒதுங்கி நமக்கு வழிவிட்ட அதே இந்தோனேசியாதான் இந்த முறை பிரிவில் முதலாவதாக வந்து அடுத்த சுற்றுக்குப் போனது. நம் பதினொருவரும் பூட்ஸ் போட்டுத்தான் ஆடினார்கள்.